பழைய ஜீப்புக்கு வெளியில் வாங்கும் ஏர் ஃபில்டர்: மாட்டும் முறையும் நான் கெடுத்துக்கொண்ட விதமும்

முதலில் நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வேலைக்கு வருவோம். என்னுடையது 2.5 லிட்டர், நாலு சிலிண்டர், டர்போ இல்லாத பழைய டீசல் ஜீப். வண்டியோடு வந்த, தூசியை ஆயிலில் விழவைத்துப் பிடிக்கும் ஆயில் பாத் ஃபில்டரைக் கழற்றி மூலையில் போட்டுவிட்டு, சிவப்புத் துணி மடிப்போடு பளபளவென்று இருந்த ஒரு கூம்பு ஃபில்டரை அரை மணி நேரத்தில் மாட்டினேன். சத்தம் கம்பீரமாக வந்தது. பிக்கப் கூடிவிட்டது என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். நாலு மாதம் மண் பாதையில் ஓடிய பிறகு ஆயில் குறைய ஆரம்பித்தது. இன்ஜின் ஓடும்போது ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை.

கழற்றிப் பார்த்தேன். ஃபில்டரில் ஒரு கிழிசல் இல்லை, ஓட்டை இல்லை. ஆனால் அதன் ரப்பர் கழுத்து, குழாயைவிட 3 மில்லிமீட்டர் பெரிது. கிளாம்பை நான் முறுக்க முறுக்க, மிச்ச ரப்பர் ஓரிடத்தில் மடிந்து, பென்சில் முனை நுழையும் அளவுக்கு ஓர் இடுக்கு விழுந்திருந்தது. அந்த இடுக்கில் தொடங்கி, குழாயின் உள்ளே ஒரு சாண் நீளத்துக்குப் பழுப்புப் பவுடர் பூசியது போல ஒரு கோடு. லைனர் (சிலிண்டரின் உள்சுவர்), பிஸ்டன், அதைச் சுற்றியுள்ள ரிங் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதாயிற்று.

அதனால் இங்கே ஃபில்டரைப் பற்றிக் கொஞ்சமாகவும், ஃபில்டருக்கும் இன்ஜினுக்கும் நடுவே உள்ள குழாயைப் பற்றி நிறையவும் எழுதப்போகிறேன்.

மண் தூசியில் பெரும்பாலும் சிலிக்கா இருக்கும். குவார்ட்ஸ் கல்லின் கடினம் மோஸ் அளவில் 7. லைனரின் வார்ப்பிரும்பு அதற்கு முன் நிற்காது. ரிங்குக்கும் லைனருக்கும் நடுவே இருக்கும் ஆயில் படலம் சில மைக்ரான்தான். தலைமுடி ஏறக்குறைய 70 மைக்ரான் தடிமன் என்றால், 5 முதல் 20 மைக்ரான் வரையுள்ள துகள்கள்தான் அந்தப் படலத்துக்குள் நுழைந்து அரைக்கின்றன. கண்ணில் படும் மணல் அல்ல, கண்ணில் படாத மாவு போன்ற தூசி. ஒரு லிட்டர் டீசல் எரிவதற்குக் குறைந்தது 10,000 லிட்டர் காற்றை இன்ஜின் இழுக்கிறது. ஒரு டேங்க் டீசலுக்கு எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

சரி, மாற்றத்தான் வேண்டுமா? ஆயில் பாத் ஒன்றும் மட்டமான சாமான் இல்லை. காற்று கீழே இறங்கி, ஆயில் பரப்பின் மேல் சட்டென்று திரும்பி மேலே ஏறும். கனமான தூசி அந்தத் திருப்பத்தில் திரும்ப முடியாமல் ஆயிலில் விழுந்து அடியில் சேறாகப் படியும். தப்பித்ததை மேலே உள்ள கம்பி வலை பிடிக்கும். எதையும் புதிதாக வாங்க வேண்டாம். கழுவி, கோடு வரை ஆயில் ஊற்றினால் போதும். குறை இரண்டு. ஒன்று, காற்று மெதுவாகப் போகும்போது, அதாவது ஐடிலிலும் குறைந்த ஆர்.பி.எம்மிலும், அந்தத் திருப்பத்துக்கு வேகம் இல்லாததால் பிடிப்பு குறையும். காட்டுப் பாதையில் நாம் ஊர்ந்து போவது அந்த ஆர்.பி.எம்மில்தான். இரண்டு, வண்டி பக்கவாட்டில் அதிகம் சாய்ந்தால் ஆயில் குழாய்க்குள் போகலாம். டீசல் இன்ஜினுக்கு அதுவும் எரிபொருள்தான். சாவியை அணைத்தாலும் நிற்காமல் தறிகெட்டு ஓடும்.

நல்ல நிலையில் உள்ள ஆயில் பாத் 100 கிராம் தூசியில் 97 கிராமைப் பிடிக்கிறது என்று வையுங்கள். நல்ல காகித எலிமெண்ட், அதாவது ஃபில்டர் உறைக்குள் மாட்டும் வடிகட்டி, 99.5 கிராமைப் பிடிக்கிறது. 97, 99.5 என்று பார்த்தால் வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. உள்ளே போவதைப் பாருங்கள்: 3 கிராம், அரை கிராம். ஆறு மடங்கு. ஆனால் தார் ரோட்டில் மட்டும் ஓடும் வண்டி என்றால் ஆயில் பாத்தையே கழுவி மாட்டிக்கொள்ளுங்கள். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

வெளியில் கிடைப்பவை மூன்று வகை. எண்ணெய் தடவிய பருத்தித் துணிக் கூம்பு, எண்ணெய் தடவிய ஃபோம், உறையோடு வரும் உலர் காகித எலிமெண்ட். முதல் வகை காற்றை எளிதாக விடும்; மெல்லிய தூசியையும் சேர்த்தே எளிதாக விடும். அதோடு பானெட்டுக்குள் திறந்த கூம்பை வைத்தால் அது ரேடியேட்டருக்குப் பின்னால் வரும் சூடான காற்றைத்தான் குடிக்கும். காற்றின் சூடு 3 டிகிரி ஏறினால் அடர்த்தி ஏறக்குறைய 1 சதவீதம் குறையும், அதனால் கூடியதாக நினைத்த பவர் சத்தத்தில் மட்டும்தான். ஃபோம், ஒழுங்காக எண்ணெய் பிழிந்து தடவினால், நன்றாகவே வேலை செய்யும்; தண்ணீர் பட்டாலும் சமாளிக்கும். ஆனால் கை கறுக்கக் கழுவ உங்களுக்குப் பொறுமை வேண்டும். என் ஓட்டு மூன்றாவதற்கு. டிராக்டரிலும் மண் வாரும் எந்திரங்களிலும் பார்ப்பீர்களே, உருளை வடிவ உறை, உள்ளே நுழைந்ததும் காற்றைச் சுழற்றிவிடும் இறக்கைகள், அடியில் ஒரு ரப்பர் வால்வ், அந்த வகை. சுழற்சியிலேயே கனமான தூசி ஓரத்துக்குப் போய் ரப்பர் வால்வ் வழியாக விழுந்துவிடும். காகிதத்துக்கு மிச்ச வேலைதான். உள்ளே இரண்டாவதாக ஒரு சின்னப் பாதுகாப்பு எலிமெண்டும் இருந்தால் இன்னும் நல்லது. வெளி எலிமெண்ட் கிழிந்தாலும், மாற்றும்போது கை தவறித் தூசி விழுந்தாலும் அது தாங்கிக்கொள்ளும்.

அளவு பார்க்க ஒரு கணக்கு. நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் இரண்டு சுற்றுக்கு ஒருமுறைதான் மூச்சு இழுக்கும். என் 2.5 லிட்டர் இன்ஜினின் உச்ச வேகம் 4,000 ஆர்.பி.எம். பாதி 2,000. இரண்டையும் பெருக்கினால் நிமிடத்துக்கு 5,000 லிட்டர். சிலிண்டர் முழுதாக நிரம்பாது என்பதால் 0.85 ஆல் பெருக்கினால் 4,250 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு 4.25 கன மீட்டர். ஃபில்டர் தயாரிப்பாளரின் அட்டவணையில் இதைவிட ஒன்றரை மடங்கு, சுமார் 6 கன மீட்டர் தாங்கும் உறையைத் தேர்ந்தெடுத்தேன். டர்போ இருந்தால் பூஸ்டையும், அதாவது டர்போ கூடுதலாகத் திணிக்கும் காற்றழுத்தத்தையும், சேர்க்க வேண்டும்: 0.7 பார் பூஸ்ட் என்றால் விடையை 1.7 ஆல் பெருக்குங்கள். பெரிதாக வாங்குவதில் நஷ்டம் இடம் மட்டும்தான். சிறிதாக வாங்கினால் கரும்புகை.

இடம் தேடுவதற்கு முன் எதையும் டிரில் பண்ணாதீர்கள். உறையின் நீளத்துக்கும் விட்டத்துக்கும் ஓர் அட்டையைச் சுருட்டி ஒட்டுங்கள். அதைப் பானெட்டுக்குள் அங்கும் இங்கும் வைத்துப் பாருங்கள். சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து எட்ட இருக்க வேண்டும். உறையின் மூடியைக் கழற்றி எலிமெண்டை நேராக வெளியே இழுக்க இடம் இருக்க வேண்டும். இதை மறந்துவிட்டு, எலிமெண்ட் மாற்ற ஒவ்வொரு முறையும் பேட்டரியைக் கழற்றுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். ரப்பர் வால்வ் தரையைப் பார்த்தபடி அடியில் வர வேண்டும். பல உறைகளில் முனை மூடியைத் திருப்பி வால்வைக் கீழே கொண்டுவரலாம். பானெட் மூடுமா என்று பார்க்க, குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு கட்டை விரல் உயரக் குச்சி செய்து அட்டையின் மேல் நிறுத்தி, பானெட்டை மெதுவாக மூடித் திறங்கள். களிமண் எவ்வளவு நசுங்கியது என்பது மிச்ச இடத்தைச் சொல்லிவிடும். 15 மில்லிமீட்டராவது மிஞ்ச வேண்டும். மேடு பள்ளத்தில் பானெட்டும் நெளியும், இன்ஜினும் ஆடும்.

இனிக் கழற்றும் வேலை. இன்ஜின் ஆறியிருக்க வேண்டும், பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி வையுங்கள். பழைய ஃபில்டரைத் தொடும் முன்பே சுற்றுப்புறத்தைத் துடையுங்கள். குழாய் திறந்தவுடன் மேலே உள்ள மண் நேராக உள்ளே விழும். ஆயில் கிண்ணத்தைச் சாய்க்காமல் கழற்றுங்கள். குழாய் திறந்ததும் இன்டேக் வாயை, அதாவது இன்ஜின் காற்றை இழுக்கும் வாயை, ஒரு பெரிய துணியால் அடையுங்கள். சின்னத் துணி வேண்டாம். ஒரு மூலையைக் கயிற்றால் ஸ்டியரிங்கில் கட்டிவிடுங்கள். நான் இரண்டாம் முறை இந்த வேலையைச் செய்தபோது என் மகள் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுத்தாள். எல்லாம் முடிந்து சாவியைப் போடப் போனேன்.

“அப்பா, மூணு துணி எடுத்தோம். இங்கே ரெண்டுதான் இருக்கு.”

மூன்றாவது இன்டேக் வாய்க்குள் இருந்தது. நல்ல சிவப்புத் துணிதான், ஆனால் மேலே ஹோஸை மாட்டிய பிறகு எந்த நிறமாக இருந்தால் என்ன? ஸ்டியரிங்கில் கட்டும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

பிராக்கெட்டைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. 3 மில்லிமீட்டர் தகடு, உறையைச் சுற்றி இரண்டு பட்டை, நைலாக் நட்டு, அகல வாஷர். பாடியில் போடுங்கள், இன்ஜினில் போட்டால் அதிர்வில் பிளாஸ்டிக் உறை விரிசல் விடும்.

பாடியில் போட்டதும் ஒரு புதுப் பிரச்சினை வருகிறது. உறை அசையாது, இன்ஜின் ஆடும். ஐடிலில் அணைக்கும்போது இன்ஜினைப் பாருங்கள், மவுண்டின் மேல் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் நிற்கும். அந்த ஆட்டத்தை வாங்கிக்கொள்ள இடையில் வளையும் ஹோஸ் ஒன்று கட்டாயம் வேண்டும். ஆனால் தொள தொள ஹோஸ் கூடாது. உள்ளே உறிஞ்சும் இழுப்பில் அது சப்பிக்கொள்ளும். நான் செய்தது: நடுவில் அலுமினியக் குழாய், இரு முனையிலும் கனமான சிலிக்கான் முழங்கை. இரும்புக் குழாயை ஏன் தவிர்த்தேன் என்றால், உள்ளே துரு பிடித்தால் செதில் உதிர்ந்து போகும் இடம் இன்ஜின்தான். உள்பக்கம் பெயிண்ட் அடிப்பதும் அதே ஆபத்து.

என் இன்டேக் வாயின் வெளிவிட்டம் 63 மில்லிமீட்டர், புது உறையின் வாய் 76. வித்தியாசத்தை ரிடியூசர் முழங்கை ஒன்றில் சரிசெய்தேன். இங்கேதான் முதல் தடவை நான் கோட்டைவிட்டேன், அதனால் நிதானமாகச் சொல்கிறேன். ஹோஸின் உள்விட்டமும் குழாயின் வெளிவிட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். 1 மில்லிமீட்டர் இறுக்கமாக இருந்தால் சோப்புத் தண்ணீர் தடவி ஏற்றலாம். 1 மில்லிமீட்டர் தளர்ந்திருந்தால் அந்த ஹோஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கிளாம்ப் இறுக்கிச் சமாளிக்கலாம் என்ற நினைப்பே வேண்டாம். ரப்பர் எங்காவது மடியும், மடிப்பில் வழி விழும். வெர்னியர் காலிபர் வைத்து அளங்கள், டேப்பால் அளக்காதீர்கள். ஹோஸ் குழாயின் மேல் குறைந்தது 25 மில்லிமீட்டர் ஏற வேண்டும். குழாயின் முனையில் சுற்றிலும் ஒரு சின்ன மேடு இருக்க வேண்டும். லேத் பட்டறையில் உருட்டித் தருவார்கள். கிளாம்ப் அந்த மேட்டுக்குப் பின்னால் உட்கார வேண்டும், மேட்டின் மேல் அல்ல. அப்போதுதான் குலுக்கலில் ஹோஸ் கழன்று வராது.

கிளாம்பிலும் விஷயம் இருக்கிறது. ஸ்க்ரூ முறுக்கும் சாதாரணக் கிளாம்பில் பட்டை நெடுக வெட்டுக்கள் இருக்கும். மென்மையான சிலிக்கான் அந்த வெட்டுகளின் வழியே பிதுங்கி, நாளடைவில் அறுந்துவிடும். உள்பட்டை வைத்த கிளாம்பையோ டி-போல்ட் கிளாம்பையோ வாங்குங்கள். மாட்டியதும் இறுக்குங்கள், ஒரு நாள் ஓட்டி இன்ஜின் சூடாகி ஆறிய பிறகு மறுபடி இறுக்குங்கள். ஹோஸ் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும், அரைச் சுற்றாவது கிடைக்கும். இணைப்பில் சிலிக்கான் பசை பூசி அடைக்கலாமே என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். பூசாதீர்கள். உள்பக்கம் பிதுங்கிய பசை காய்ந்து பிய்ந்தால் இன்ஜின் அதையும் விழுங்கும். அதோடு, தப்பான அளவு ஹோஸை அது கொஞ்ச நாள் மறைத்தும் வைக்கும்.

அடைப்பு காட்டும் இண்டிகேட்டர் ஒன்றைச் சேர்த்து வாங்கிவிடுங்கள். எலிமெண்டுக்கும் இன்ஜினுக்கும் நடுவே, அதாவது சுத்தமான பக்கத்தில், அது உட்காரும். இழுப்பு 25 அங்குல நீர்மட்டத்தை, அதாவது 6.2 கிலோபாஸ்கலைத் தொட்டதும் சிவப்புப் பட்டை மேலே வந்து நின்றுவிடும். உறையில் அதற்கு ஓட்டை இல்லையென்றால் அலுமினியக் குழாயில் போட வேண்டியிருக்கும். குழாயை வண்டியிலிருந்து வெளியே எடுத்துத்தான் டிரில் பண்ண வேண்டும். டிரில் பண்ணியபின் சோப்புப் போட்டுக் கழுவி, உள்ளே வெள்ளைத் துணியை விட்டு இழுத்துப் பாருங்கள். அலுமினியச் சுருள் ஒன்று மிஞ்சினாலும் அது மண்ணைவிடப் பெரிய வில்லன்.

அடுத்தது ப்ரீதர். பழைய ஃபில்டரின் பக்கவாட்டில் இன்ஜினிலிருந்து ஒரு சின்ன ஹோஸ் வந்து சேர்ந்திருக்கும். இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்க் கேஸின் புகையை அது இன்டேக்குக்கு அனுப்புகிறது. ஃபில்டரை மாற்றியதும் பலர் அதை அப்படியே தொங்கவிட்டுவிடுவார்கள். இன்ஜின் ஆறும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, அந்தத் திறந்த வாய் வழியாகத் தூசிக் காற்று நேராக ஆயிலுக்குப் போகும். அதைச் சுத்தமான பக்கக் குழாயில் ஒரு முனை வைத்துச் சேருங்கள், நடுவில் ஆயிலைப் பிடிக்க ஒரு சிறு டப்பா இருந்தால் நல்லது. இந்த ஹோஸ் மட்டும் சிலிக்கானாக இருக்கக் கூடாது. ஆயில் ஆவியில் சாதாரண சிலிக்கான் ஊறிக் கொழகொழத்துவிடும். நைட்ரைல் ரப்பர் ஹோஸ் போடுங்கள்.

இரண்டு எச்சரிக்கை. சில பழைய டீசல்களில் இன்டேக் வாயிலிருந்து ஃபியூயல் பம்புக்கு மெல்லிய வேக்குவம் ஹோஸ் போகும். காற்றிழுப்பை வைத்து வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் அது. அதைக் கழற்றினாலோ அதில் கசிவு வந்தாலோ இன்ஜின் கட்டுப்பாடில்லாமல் எகிறும். அதன் பக்கம் போகாதீர்கள். பெட்ரோல் வண்டியில் கார்புரேட்டர் என்றால், ஃபில்டரின் தடை மாறினால் காற்றும் பெட்ரோலும் கலக்கும் விகிதமும் மாறலாம். மாட்டிய பிறகு பிளக்கின் நிறத்தைப் பார்த்து ட்யூன் செய்துகொள்ளுங்கள்.

எல்லாம் மாட்டியாயிற்று. துணிகளை எண்ணியாயிற்று. இனிச் சோதனை இரண்டு.

முதலாவது பலகைச் சோதனை. இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஃபில்டர் காற்றை உள்ளே இழுக்கும் வாயைத் தட்டையான பலகை ஒன்றால் மூடுங்கள். கையால் மூடாதீர்கள், டீசல் இழுக்கும் இழுப்பில் உள்ளங்கை மாட்டிக்கொள்ளும். இணைப்பெல்லாம் சரியாக இருந்தால் சில நொடிகளில் இன்ஜின் திணறி அணையும். அணையாமல் இழுத்துக்கொண்டே ஓடினால், அது வேறெங்கிருந்தோ மூச்சு வாங்குகிறது. பலகையால் மூடியிருக்கும்போதே ஹோஸ்களையும் பாருங்கள். எதுவாவது உள்ளே சப்பினால் அது போதாது, மாற்றுங்கள். அந்தப் பலகையை வண்டியிலேயே வைத்துக்கொள்வது நல்லது. டீசல் என்றைக்காவது தறிகெட்டு ஓடினால் அதை நிறுத்தக் காற்றை அடைப்பதுதான் வழி.

இரண்டாவது கிரீஸ் சோதனை, எனக்குப் பிடித்தது. இன்டேக் வாய்க்குப் பக்கத்தில் உள்ள ஹோஸைக் கழற்றி, குழாயின் உள்சுவரில் ஒரு விரல் அகலத்துக்கு மிக மெல்லியதாகக் கிரீஸ் தடவுங்கள். கட்டியாக வேண்டாம், கண்ணாடியில் விரல் ரேகை விழும் அளவு போதும். மறுபடி மாட்டி, நல்ல தூசிப் பாதையில் 100 கிலோமீட்டர் ஓட்டுங்கள். முடிந்தால் இன்னொரு வண்டியின் பின்னாலேயே ஓட்டுங்கள். பிறகு ஹோஸைச் சுற்றித் துடைத்துவிட்டுக் கழற்றி, கிரீஸை விரலால் வழித்து, கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தேயுங்கள். வழுக்கினால் சரி. நெறுநெறுத்தால் எங்கோ கசிவு.

எனக்கு முதல் முறை நெறுநெறுத்தது. மனசே உடைந்துவிட்டது. பெரிய இணைப்புகள் எல்லாம் சரியாகத்தான் இருந்தன. கடைசியில் பார்த்தால் ப்ரீதர் முனையில் கிளாம்பே போடவில்லை, வெறுமனே செருகிவிட்டிருக்கிறேன். கிளாம்ப் போட்டு, பழைய கிரீஸைத் துடைத்து, புதிதாகத் தடவி மறுபடி 100 கிலோமீட்டர். இந்த முறை விரலை மகளிடம் நீட்டினேன். தேய்த்துப் பார்த்துவிட்டு, “வழுக்குதுப்பா” என்றாள்.

இனிப் பராமரிப்பு. காகித எலிமெண்டை அடிக்கடி திறந்து பார்க்கும் ஆசையை அடக்குங்கள். மேலே கொஞ்சம் தூசி படிந்த எலிமெண்ட், புத்தம் புதியதைவிட நன்றாகவே வடிகட்டும். படிந்த தூசியே ஒரு வடிகட்டியாகிவிடுகிறது. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சீல் பட்ட இடத்தில் இருந்த மண் சுத்தமான பக்கத்தில் விழும் வாய்ப்பு உண்டு. சிவப்புப் பட்டை எழும் வரை விடுங்கள். தரையில் தட்டுவது, கம்ப்ரஸர் காற்றை முழு வேகத்தில் அடிப்பது இரண்டும் காகிதத்தைக் கிழிக்கும். வழியில்லாமல் ஊத வேண்டியிருந்தால் 2 பாருக்கும் கீழே, உள்ளிருந்து வெளிப்பக்கமாக. ஊதிய பிறகு இருட்டில் உள்ளே ஒரு பல்பை விட்டுச் சுற்றிப் பாருங்கள். ஊசி முனை அளவு வெளிச்சம் பளிச்சென்று தெரிந்தால் தூக்கிப் போடுங்கள். உள்ளே உள்ள பாதுகாப்பு எலிமெண்டைக் கழுவவும் ஊதவும் கூடாது. வெளி எலிமெண்டை மூன்று முறை மாற்றும்போது அதை ஒருமுறை மாற்றினால் போதும்.

ரப்பர் வால்வை வாரம் ஒருமுறை விரலால் அமுக்கிவிடுங்கள், பொத்தென்று மண் விழும். அதன் உதடு கிழிந்தால் உடனே மாற்ற வேண்டும். தண்ணீரில் இறங்குபவர்களுக்கு ஒன்று: ஸ்நார்க்கல் (காற்றை உயரத்திலிருந்து இழுக்கும் குழாய்) மாட்டிவிட்டோம் என்று இறங்கிவிடாதீர்கள். உறையும் இந்த வால்வும் தண்ணீர் மட்டத்துக்குக் கீழே போனால் வால்வ் வழியே தண்ணீர் ஏறும். தண்ணீர் சுருங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். ஆழமான தண்ணீர் என்றால் வால்வுக்குப் பதில் அடைப்பு மூடி போட்டு, கரை ஏறியதும் மறக்காமல் வால்வை மாட்டிவிடுங்கள்.

எலிமெண்ட் மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் உறையின் மேலேயே வெள்ளைப் பெயிண்ட் பேனாவால் எழுதி வைக்கிறேன். பக்கத்திலேயே மகள் தன் கையெழுத்தில் ஒன்று எழுதியிருக்கிறாள்: “துணி 3.”